ஏழாம் கிணற்று ஊத்தை

காலை ஐந்தேமுக்கால் மணிக்கு, கொதிமடுவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நான்காவதற்குள் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினார் இராசநாயகம். நூறு எண்ணினார். தூக்கிப் பார்த்தார். முப்பத்தாறு பாகை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் வந்த புதிதில் அதே கிணறு நாற்பத்து நான்கு காட்டியது.

கொப்பியில் குறித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். எழும்ப மனம் வரவில்லை. வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரி வார்டு கழுவியவர். ஓய்வு பெற்ற பிறகு மனைவியும் போய்விட, ஒரு பையோடு கிணறுகளை அடுத்த இந்த மடத்துக்கு வந்து, "ஏதாவது வேலை தாங்கோ" என்று நின்றவர். மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மங்கையர்க்கரசி. அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். எல்லாரும் அரசியம்மா என்பார்கள். இராசநாயகமும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். அவரை அவள் ஐயா என்றாள்.

"கிணறுகளைப் பாருங்கோ ஐயா" என்று மட்டும் அன்று சொன்னாள்.

பார்த்தார். கிணறுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆள் நெஞ்சளவு ஆழம்தான். உள்சுவரெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக, தண்ணீர் கொதிக்கவைத்த பழைய கேத்தலின் உட்புறம் போல, தடித்த பொருக்கு படிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. கம்பிப் பிரஷும் இரும்புச் சுரண்டியும் வாங்கி வந்தார். மாதம் ஒரு கிணறாக நீரை இறைத்து, உள்ளே இறங்கி, கறுப்புப் பாறை மினுங்கும்வரை உரசினார். ஆறு கிணறுகள் பளிச்சென்று வந்தன. குளிக்க வந்தவர்கள் கும்பிட்டார்கள். ஏழாவது மட்டும் மிக ஒடுக்கம்; அவருடைய முழங்கால் அதற்குள் மடங்கவில்லை. அதை அப்படியே விட்டு, குறுக்கே ஒரு தடியைப் போட்டு, குளிக்க வேண்டாம் என்று பலகையும் வைத்தார். அதன் சூட்டை அளப்பதையும் நிறுத்தினார்.

கொதிமடுவுக்கு ஆட்கள் வருவது நோவுக்கு. முழங்கால், இடுப்பு, வாதத்தில் விழுந்துபோன கை. சூடு இருந்தால் வருவார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வரிசை குறைந்துகொண்டு வந்தது.

கரைவலை இழுக்கும் அந்தோனிப்பிள்ளை மட்டும் தவறாமல் வந்தான். அன்றும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான்.

"என்ன அண்ணை, தண்ணிக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"குளிக்க வந்தனியோ, பகிடி விட வந்தனியோ?"

"ரெண்டுக்கும்தான். இந்தச் சூட்டுத் தண்ணி வீட்டுக் கிணத்திலயும் கிடக்கு. அங்கயெண்டால் மனிசி முதுகும் தேய்ச்சு விடுவாள்."

அந்தோனிப்பிள்ளை கடைசிக் கிணற்றுப் பக்கம் நடந்தான்.

"டேய், அங்க போகாத. பலகை தெரியேல்லையே? ஊத்தைக் கிணறு அது. சொறி பிடிக்கும்."

"ஊத்தை சுடுது அண்ணை. உங்கட சுத்தம்தான் குளிருது."

"வாயை மூடிக்கொண்டு ரெண்டாவதில இறங்கு."

அவன் சிரித்துக்கொண்டு இரண்டாவதில் இறங்கினான். இந்தப் பேச்சு ஆறேழு மாதமாக வெள்ளிக்கு வெள்ளி நடக்கிறது. அவன் வாயில் வருவதெல்லாம் பகிடி என்பது இராசநாயகத்தின் முடிவு.

அன்று பகல் அரசியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"அம்மா, தண்ணி ஏன் ஆறுது?"

அவள் சுளகை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருசமாய் மழை சரியில்லை. அதாலயோ?"

"மழை வரட்டும். பாப்பம்."

அவர் மழைக்கு நேர்ந்துகொண்டார். ஒரு நேரச் சாப்பாட்டை விட்டார். மெலிந்தார். கார்த்திகை நடுவில் மழை வந்தது. ஒன்பது நாள் விடாமல் அடித்தது. வயலெல்லாம் கடலாயிற்று. பத்தாம் நாள் காலை இராசநாயகம் சேற்றில் ஓடாத குறையாகப் போய் வெப்பமானியை இறக்கினார்.

முப்பத்து மூன்று.

மறுபடி இறக்கினார். மறுபடியும் முப்பத்து மூன்று.

மடத்துக்குத் திரும்பிப் பையை எடுத்தார். இரண்டு வேட்டி, ஒரு சவரப் பெட்டி, மனைவியின் படம். கம்பிப் பிரஷ் பழக்கத்தில் தானாகப் பைக்குள் போயிற்று.

"எங்க ஐயா?" என்றாள் அரசியம்மா.

"மட்டக்களப்பில மருமகன் இருக்கிறான். அங்க போறன். என்ர கை பட்டது ஒண்டும் உருப்படாது அம்மா. ஆஸ்பத்திரியில எத்தினை பேரைக் கழுவித் துடைச்சு வெளியில அனுப்பினனான்! என்ர மனிசியை எனக்குக் காப்பாத்த ஏலாமல் போச்சு. இப்ப இந்தத் தண்ணியும் போகுது."

"போங்கோ. போக முதல் நாலாவதை ஒருக்கா இறைச்சுத் தாங்கோ."

கேட்டால் செய்துவிடுவது அவர் பழக்கம். வாளியை எடுத்தார். அந்தோனிப்பிள்ளை வந்து கை கொடுத்தான். அவனும் அன்று பகிடி விடவில்லை. முக்கால் மணி நேரத்தில் நீர் கணுக்காலளவுக்கு இறங்கியது. அரசியம்மா சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே குதித்தாள். இராசநாயகமும் இறங்கினார்.

"கால் என்ன சொல்லுது?"

"சுடுது" என்றார். அடிப்பாறையின் பிளவிலிருந்து குமிழ் குமிழாக வந்த நீர் பாதத்தைச் சுட்டது. அவரே எதிர்பார்க்காத சூடு.

அவள் அவருடைய கையைப் பிடித்து, பளபளக்கும் சுவரில் ஒரு கீறலின் மேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து மழைத்தண்ணீர் வழிந்தது. குளிர்ந்தது. கையை ஒரு சாண் நகர்த்தினாள். இன்னொரு கீறல். அதுவும் குளிர். சுவரைச் சுற்றிக் கொண்டுபோனாள். பதினொரு இடம். பதினொன்றையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் பிரஷின் முனையை விட்டு உரசியவர் அவர்தான்.

அவள் ஏறி ஏழாவதுக்கு நடந்தாள். தடியை எடுத்து எறிந்தாள். இராசநாயகம் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல மறுபடி விட்டுச் சுவரைத் தடவினார். கரடுமுரடான பொருக்கு. ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டுக் குளிர் இல்லை.

"நான் ஆறு மாசமாய்ச் சொல்லுறன்..." என்று தொடங்கிய அந்தோனிப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். வாளிகளை எடுத்துக்கொண்டு அப்பால் போனான்.

மூன்று மணிபோல வானம் வெளித்தது. மேற்கே மலைகள் நீலமாகத் தெரிந்தன. இருவரும் ஈரத்தோடு கல்லில் இருந்தார்கள்.

"அப்ப அது ஊத்தை இல்லை" என்றார்.

"இல்லை."

"ஆர் பூசினது?"

"தண்ணிதான். சூட்டில கல்லைக் கரைச்சுக்கொண்டு வருது. மேல வந்து ஆறேக்க, கரைஞ்சதைச் சுவரில விட்டிட்டுப் போகுது."

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியாது ஐயா. கழுவின கிணறு வடிவாய்க் கிடந்தது. எனக்கும் பிடிச்சுது. மழை பெய்து சூடு இன்னும் இறங்கினாப் பிறகுதான் யோசிச்சன்."

இந்தப் பதிலை இராசநாயகம் எதிர்பார்க்கவில்லை.

"பட்டினி கிடந்து நான் கூப்பிட்ட மழை" என்றார்.

"அது மேலால வந்த மழை. அடியில வாறது வேற. அந்த மலையில பெய்து, பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்குப் போய், அங்க கிடந்து சூடேறி, திரும்பி வாறது."

"எத்தினை வருசம் எடுக்கும்?"

"படிச்ச ஆக்கள் ரெண்டு பேர் வந்து போத்திலில அள்ளிக்கொண்டு போனவை. ஒருத்தர் ஆயிரம் எண்டார். மற்றவர் அதுக்கும் மேல எண்டார். சாப்பிட்டு முடியுமட்டும் சண்டை."

இராசநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"சீமெந்து வாங்கி அந்தக் கீறல்களை அடைச்சு விடவோ? நாளைக்கே செய்வன்."

"எது மேலால வாறது, எது அடியால வாறது எண்டு சீமெந்துக்குத் தெரியுமோ? அடிக் கண்ணில கொஞ்சம் விழுந்தாலும் சூடு வேற பக்கத்தால போயிடும். பேந்து தேடிப் பிடிக்க ஏலாது."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"முந்தி அடைச்சது தண்ணிதானே. அதுவே அடைக்கும்."

"எப்ப?"

அவள் தோளைக் குலுக்கினாள்.

"நான் இருந்து பாப்பனோ?"

"நானே பாப்பனோ தெரியாது."

இராசநாயகம் பையைத் திறந்தார். கம்பிப் பிரஷை எடுத்தார். மரப்பிடியில் அவருடைய பெருவிரல் பள்ளமாகப் பதிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்டக்களப்பு பஸ் நாலரைக்கு. களைப்பு எலும்புக்குள் இறங்கியிருந்தது.

"வெறுங்கையோட இங்க இருந்து நான் என்ன செய்யிறது அம்மா? வாற சனம் கேட்கும், ஏன் கிணறு இப்பிடிக் கிடக்கெண்டு. பொருக்கு ஏற ஏற ஊத்தை எண்டு சொல்லும். எனக்கே கை துருதுருக்கும். நான் இருக்கவோ, போகவோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

அரசியம்மா எழுந்து சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"கழுவாமல் இருக்க ஏலுமெண்டால் இருங்கோ ஐயா."

நாலரை பஸ் அவரை ஏற்றாமலே நின்று போனது.

2023 பெப்ரவரி 17ஆம் திகதி காலை, மறுபடி பொருக்கு ஏறிக் கிடந்த நான்காவது கிணறு நாற்பத்தொரு பாகை காட்டியது. அளந்தது அந்தோனிப்பிள்ளை. இராசநாயகம் இறந்து அன்றைக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.