ஆணிப்புளி

"இது போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லிருங்க சாமி."

கோசலை குடிசை வாசலில் நின்றபடியே கேட்டாள். கையில் துணி மூட்டை. மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

தில்லையம்மா முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாமி என்று ஊரே கும்பிட்டாலும் கோசலையைவிட வயதில் இளையவள்.

"எது போகணும்க்கா?"

"பேரு தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? விடியும்போது நெஞ்சு மேல வந்து உக்காந்துக்கிடுது. எந்திரிக்க விடாது. பொழுது சாயும்போது, யாரோ சாவுச் செய்தி கொண்டு வர்ற மாதிரி, தெருவையே பாத்துக்கிட்டு நிக்க வைக்குது. யாரும் வர்றதில்ல. மறுநாளும் நிக்கிறேன்."

"எப்ப இருந்து?"

"எம்மக பொறந்ததுல இருந்து. இப்ப அவளே பிள்ளைப்பேறுக்கு வீட்டுக்கு வந்திருக்கா."

தில்லையம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"பிள்ளை பொறக்குறதுக்குள்ள இது போயாகணும் சாமி. இதோட நான் அந்தப் பச்சப்பிள்ளையத் தூக்கினா, அதுக்கும் ஒட்டிக்கிடும். போகாதுன்னா சொல்லிருங்க. நான் வீட்டுக்குத் திரும்பல. இங்கனயே ஒரு மூலையில கிடந்துக்கிறேன். அடிவாரத்துல எங்க வீட்டுக்காரர் வண்டியோட நிக்கிறாரு. பொழுது சாயுற வரைக்கும் பாப்பாரு. நான் இறங்கலன்னா போயிருவாரு."

"அவரு என்ன சொல்றாரு?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணுமாம். வெரசாக் கேட்டுட்டு வான்னாரு."

தில்லையம்மா சிரித்துவிட்டாள்.

கோசலைக்குச் சிரிப்பு வரவில்லை. "கோடாங்கி பாத்துப் பேய்னாரு. இந்த மலைக்குப் பின்னால ஆணிப்புளி இருக்குல்ல, அதுலதான் என் உச்சிமுடியை வச்சு ஆணி அடிச்சாரு. முடியை அறுத்து என்னை விடுவிச்சாரு. இனி அது மரத்தோட இருந்துக்கிடும்னாரு. ஒரு மழைக்காலம் நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் வந்திருச்சு."

தில்லையம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு குறடோடு வந்தாள்.

"போய் உங்க ஆணியப் பிடுங்கிட்டு வாங்க. முடியோட சேர்த்து அடுப்புல போட்டுருவோம்."

"இப்பவா? உச்சி வேளை சாமி."

"இந்த வெயில்ல அதுவும் எங்கயும் போயிருக்காது."

மூட்டையை வைத்துவிட்டுக் கோசலை போனாள்.

புளியமரம் தனியாக நின்றது. அதன் நிழலில் புல் இல்லை. வழியெல்லாம் கேட்ட குயில், நிழலுக்குள் கால் வைத்ததும் கேட்கவில்லை.

தண்டு முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஆணி ஒரு கற்றை முடி. நரைத்தது, செம்பட்டை, எண்ணெய் காயாதது போல் மினுங்கியது. ஒன்றில் காய்ந்த பூவின் நார் மட்டும் ஒட்டியிருந்தது.

காற்று இல்லை. முடிகள் அசைந்தன.

மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தாள். ஆளில்லை. இப்போது இந்தப் பக்கம் வந்து நிற்பது போலிருந்தது.

போய்விடலாமா என்று நினைத்தாள். பிள்ளையை நினைத்தாள். போகவில்லை.

அன்றைக்குக் கோடாங்கி நிறுத்தியது போலவே தண்டில் முதுகைச் சாய்த்து நின்றாள். உச்சி பட்ட இடத்தைக் கையால் தடவினாள்.

அங்கே ஆணி இல்லை.

பட்டை புடைத்து ஒரு முண்டு இருந்தது. ஆணியை மரம் விழுங்கிவிட்டிருந்தது. மூடிய பட்டையின் நடுவிலிருந்து முடி மட்டும், தோலில் முளைத்தது போல வெளியே தொங்கியது. கோசலையின் தலை நரைத்துவிட்டது. அந்த முடி இன்னும் கறுப்பாகவே இருந்தது.

குறடால் பட்டையைக் கெல்லினாள். குறடு வழுக்கியது. முடியைக் கையில் சுற்றி இழுத்தாள்.

அவள் உச்சியில் வலித்தது.

விட்டாள். வலி நின்றது. மறுபடி மெல்ல இழுத்தாள். மறுபடி வலித்தது.

அப்போதுதான் தண்டைச் சரியாகப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை முண்டு முண்டாக இருந்தது. மூடியது, பாதி மூடியது, இன்னும் வாய் திறந்திருப்பது. ஒரு முண்டு அவள் இடுப்புக்கும் கீழே இருந்தது. நிற்கப் பழகிய குழந்தையின் தலை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

வெயில் தாழ்ந்தபோது கோசலை குடிசைக்குத் திரும்பினாள். குறடைத் தரையில் வைத்தாள்.

"வரல. மரம் உள்ள இழுத்துக்கிடுச்சு."

"வெட்டி எடுக்கலாமா?"

"எடுத்தா மரம் போயிரும்." பிறகு கேட்டாள்: "கீழ ஒண்ணு இருக்கு. சின்னப் பிள்ளைக்கு அடிச்சதா?"

"எனக்கு அடிச்சது."

கோசலை உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் போயிருச்சா சாமி?"

"இன்னிக்குக் காலையிலகூட வந்துச்சு."

கோசலையின் கை மூட்டையைத் தேடி இழுத்து மடியோடு வைத்துக்கொண்டது. "அப்ப நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"முன்ன எல்லாம் வந்தா மழை முடிஞ்சு பனி முடிஞ்சுதான் போகும். இன்னிக்கு வந்தப்ப வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன். இருன்னு சொன்னேன். கூட்டிட்டுப் பாத்தா ஆளைக் காணோம்."

"எங்க போச்சு?"

"தேடல."

"நாளைக்கு வந்துச்சுன்னா?"

"நாளைக்கும் வாசல் கூட்டணும்லக்கா."

வெளியே நிழல் நீண்டுகொண்டிருந்தது. கோசலை தெருவைப் பார்த்து நிற்கிற நேரம் வந்துகொண்டிருந்தது. இங்கே தெரு இல்லை. அவள் கண் மலைப்பாதைக்குப் போனது.

தில்லையம்மா அவள் முந்தானையைப் பார்த்தாள். முடிந்து, கனத்துத் தொங்கியது.

"அது என்னக்கா?"

"புளியங்கா. வரும்போது பறிச்சேன்."

"அந்த மரத்துலயா?"

"கிளை முறியக் காய்ச்சுக் கிடக்கு. பாதி பழுத்த நல்ல செங்கா. மக நாலு நாளா வாய்க்குப் புளிப்பா ஏதாச்சும் வேணும்னு அனத்துறா."

தில்லையம்மா முறத்தை ஓரமாக வைத்தாள்.

"ஊருல ஓட்டின பேயெல்லாம் அந்த மரத்துலதான் இருக்கு. அதுல காய்ச்சத வயித்துப்பிள்ளைக்காரிக்குத் திங்கக் குடுக்கப் போறீங்க."

"நான் ஒண்ணு தின்னு பாத்துட்டேன் சாமி. சுத்தமான புளிப்பு. ஆணி இருக்குறது மரத்துலதானே, காயில என்ன..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல் கோசலை நிறுத்தினாள்.

அவள் கை முந்தானை முடிச்சின் மேல் போனது.

தில்லையம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."