அலறிய வெள்ளணுக்கள்

குற்றாலிங்கம் சாருக்கு வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு வருஷக்கணக்காக முட்டி மோதுகிறவர். அவருடைய வழிகாட்டி நஸ்ரின் மேடம், அவரைவிடப் பத்து வயது இளையவர். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு சரி. விட்டால் பட்டம் போயே போச்சு.

அன்று சார் ஆய்வுக்கூடத்துக்குள் குதிக்காத குறையாக வந்தார்.

"மேடம், கிடைச்சிருச்சு!"

ரத்தத்தின் வெள்ளணுக்கள் கொழுப்பிலிருந்து சில மூலக்கூறுகளைச் செய்து வெளியே விடும். ஒன்றுக்கொன்று சேதி சொல்வதற்கு அதுவும் ஒரு வழி. அதில் 'ஆபத்து, ஓடி வாங்க' என்று கூப்பிடும் மூலக்கூறுதான் சார் நீட்டிய வரைபடத்தில் மலைபோல நின்றது.

"யாரோட ரத்தம் சார்?"

"என்னோடதுதான். ஒரு நோவும் கிடையாது. சும்மா இருக்கிற வெள்ளணுவே இப்படிக் கூப்பிடுதுன்னா பார்த்துக்கோங்களேன்!"

"ரத்தத்துலேர்ந்து வெள்ளணுவை எப்படிப் பிரிச்சீங்க?"

"நல்லாக் குலுக்கி, முழு வேகத்துல சுழலவிட்டு, திரும்பத் திரும்பக் கழுவி..." பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

மேடம் எழுந்தார். சாரின் முதுகுப் பக்கம் போய், ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டார்.

"எம்மா!" என்று அலறிவிட்டார் சார்.

மேடம் பலகையில் எழுதினார்: 'குற்றாலிங்கம் சார் சும்மா இருக்கும்போதே அலறுவார்.'

சாருக்கு முகம் செத்துப்போயிற்று. கடைசி அத்தியாயமே அந்த மலையை நம்பித்தான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தார். குலுக்கவில்லை. மெதுவாகச் சுழலவிட்டார். மலை கரைந்து சின்ன மேடாகிவிட்டது. ஆனால் அடியோடு போகவில்லை. அட, இது என்ன கூத்து! வருத்தமெல்லாம் மறந்து மேடத்தைத் தேடி ஓடினார்.

"இந்த மேடு, அணு தானாச் சொன்னதா? என் கை பட்டதால சொன்னதா?"

"தெரியாது சார்."

"தொடாமப் பார்க்க வழியே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. நீங்க தொட்டதையும் சேர்த்து எழுதுங்க."

சார் நோட்டைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படி எழுதினாப் பட்டம் குடுப்பாங்களா மேடம்?"

"தொடாம ரத்தம் எடுத்தவங்க யாராவது இருந்தா, அவங்க வந்து உங்களைப் பெயிலாக்கட்டும் சார்."