அரசாணிக்காய்க்குப் பயந்த இலையுதிர் காலம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆயுத பூஜைக்கு கேட் அலங்காரம் யார் பொறுப்பு என்று முடிவு செய்வதற்காகக் கார் பார்க்கிங்கில் கூடிய கூட்டம் அது. ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும், சென்னியப்பன் அண்ணன் மட்டும் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால்.

"மூணு வருஷமா பொன்னுலிங்கம் அண்ணன்தான் பண்றாரு, இந்த வருஷமும் அவரே பண்ணட்டும்" என்று சொல்லி, செகரட்டரி என்ற முறையில் நான் மினிட்ஸ் நோட்டைத் திறந்திருந்தேன். பொன்னுலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் பெரிய மனசு பண்ணித் தலையாட்டிவிட்டார்.

சென்னியப்பன் அண்ணன் ஸ்பின்னிங் மில்லில் மாஸ்டராக இருந்தவர். போன வருஷம் அக்டோபரில் மகள் சிந்துஜாவைப் பார்க்க அமெரிக்கா போய் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தார். அந்த ஒன்றரை மாதத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு இன்னும் ஒரு வருஷம் தேவைப்படும். கேட் அலங்காரம் என்றால் மனிதருக்கு உயிர். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று ஆயுத பூஜையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தவர். இன்றைக்கு விடப்போவதில்லை என்பது அவர் வேட்டியை மடித்துக் கட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்க செகரட்டரி தம்பி, ரெண்டு வாழைமரம், நாலு மாவிலை. இதுக்குப் பேரு அலங்காரமா? அமெரிக்காவுல வாசல் அலங்காரம் பண்ணி ஒரு பருவ காலத்தையே தெருமுனையில நிறுத்தி வெச்சவன் நானு. இங்க ஒரு ஓரமா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கறேன், கேக்க ஆளில்லை."

"எதையுங்ண்ணா நிறுத்துனீங்க?" என்றார் பொன்னுலிங்கம். அங்கே மாட்டினோம்.

"சொல்றேன் கேளு பொன்னு. அங்க இலை கொட்டற காலம் வந்துதுன்னா வீட்டுக்கு வீடு முன்வாசப்படியில அரசாணிக்காய, அதான் அந்த மஞ்சப் பூசணிய, அடுக்குவாங்க, நாம கொலுவுல பொம்மை அடுக்கற மாதிரி. எந்த வாசல் அழகோ அதுக்கு தெருக்காரங்க கூடி ஒரு நீல ரிப்பன் கட்டுவாங்க. என்ற மக அஞ்சு வருஷமா அடுக்கறா. அஞ்சு வருஷமும் ரிப்பன் பக்கத்து வீட்டு மார்த்தாவுக்கே போயிருச்சு. புள்ள போன்ல அழுவுதுங்க. பெத்த வயிறு எரியுமா எரியாதா? அதுக்குன்னே டிக்கெட் போட்டு ஏறுனேன்.

"நேரா தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரன் வண்டி வண்டியா காட்டறான். 'இதெல்லாம் பொரியலுக்கு ஆவும், வாசலுக்கு வேணும்'னேன். ஆளு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ளார கூட்டிட்டுப் போனான். ஒரு மேடு. மூச்சு வாங்க ஏறி நின்னுட்டு, 'காய் எங்கப்பா?'ன்னு கேட்டேன். 'நீங்க அது மேலதான் நிக்கறீங்க'ன்னான்."

"எந்த பாஷையில சொன்னான்?"

"காயப் பத்திப் பேசறதுக்கு பாஷை எதுக்கு பொன்னு? குறுக்க பேசாத. முத்துன காயான்னு பாக்கோணுமல்லோ, விரல மடக்கித் தட்டுனேன். உள்ளிருந்து 'யாரு?'ன்னு ஒரு சத்தம். பாத்தா, ரெண்டு மாசத்துக்கு முன்னால காணாமப் போன வேலைக்காரங்க ரெண்டு பேரு உள்ளார குடியிருக்கறாங்க. சன்னல் வெச்சு, கொசுவலை அடிச்சு, நல்ல காத்தோட்டமா இருக்காங்க. அவங்களுக்கு வேற வீடு பாத்துக் குடுத்துட்டுத்தான் காய எடுத்தேன்."

பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். மாடியில் யார் வீட்டிலோ குக்கர் ஏழாவது விசில் அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"லாரியில ஏத்துனா அச்சு முறியுது. மூணு லாரி போச்சு. போங்கடான்னு கையாலயே உருட்டிட்டுக் கெளம்பிட்டேன். இருபத்தெட்டு மைல். மேட்டுல நான் அதைத் தள்ளுனேன், எறக்கத்துல அது என்னை இழுத்துட்டுப் போச்சு. ஹைவேல காரையெல்லாம் தாண்டுது. போலீஸ்காரன் சைரன் போட்டுத் தொரத்தி நிறுத்தி, ஓவர் ஸ்பீடுன்னு சீட்டு எழுதிக் காம்புல ஒட்டிட்டான்."

"லைசென்ஸ் கேக்கலீங்களா?"

"கேட்டான். 'பூ விட்டே அஞ்சு மாசந்தானுங்க ஆச்சு, இன்னும் வயசு வரலை'ன்னேன். சின்னதாச்சேன்னு விட்டுட்டான்.

"வாசல்ல கொண்டு வந்து வெச்சேன். அந்தூருக்காரங்க கத்தியில கண்ணு மூக்கு தோண்டி, பல்லைக் காட்டிச் சிரிக்கற மாதிரி பண்ணுவாங்க. எனக்குப் புடிக்கலை. வாசல் காக்கற காய்க்கு என்னங்க சிரிப்பு வேண்டிக் கெடக்குது? புது வீடு கட்டுனா பூசணிக்காயில நாம திருஷ்டி மூஞ்சி வரைஞ்சு தொங்க விடறமல்லோ, அதை வரைஞ்சேன். முட்டைக் கண்ணு, கோரப் பல்லு, தொங்கற நாக்கு. மீசைக்கு மட்டும் பதினாறு டப்பா பெயின்ட். மீசையோட இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போக நடுவுல ஒருக்கா உக்காந்து காபி குடிச்சேன்."

பொன்னுலிங்கம் விடவில்லை. "திருஷ்டிக்கு வெள்ளைப் பூசணியல்லங்ண்ணா? அரசாணிக்காய்க்கு ஏது அந்தச் சக்தி?"

"சக்தி காயில இல்ல பொன்னு, மீசையில இருக்குது. வரைஞ்சு எறங்குன அன்னைக்கே கொரியர்காரன் பொட்டலத்தைத் தெருமுனையில போட்டுட்டு ஓடிட்டான். சரி, நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோசப்பட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் விசயமே தெரியுது. ஊரு பூரா இலை பழுத்துக் கொட்டுது. எங்க தெருவுல ஒரு இலை உழுகலை! இலையுதிர் காலம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு, மூஞ்சியப் பாத்துச்சு, அப்படியே நின்னுபோச்சு. அதுக்கு முன்னால உழுந்து கெடந்த இலையெல்லாம் வரிசையா மரத்துல ஏறி அதது எடத்துல ஒட்டிக்கிச்சுங்க."

"பசை ஆரு தடவுனா?"

"பயம்தாங்க பசை! அந்தக் காலம் நகராம நின்னா பின்னால வர்ற பனிக்காலம் எங்க போவும்? அதும் பின்னால வந்து நிக்குது. அதுக்குப் பின்னால கிறிஸ்துமஸ் நிக்குது. காந்திபுரம் சிக்னல் மாதிரிதான், ஆரன் மட்டும் அடிக்கலை. கடைசியில அந்த மாநில கவர்னரே வந்துட்டாரு. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுட்டு, 'மிஸ்டர் சென்னியப்பன், காலண்டரைக் கிழிக்க முடியலீங்க, மனசு வையுங்க'ன்னாரு. 'மொதல்ல என்ற மக வாசல்ல ரிப்பனைக் கட்டுங்க, அப்பறம் பேசலாம்'னேன். அவரு கையாலயே கட்டுனாரு. சிந்துஜா என்னையப் புடிச்சுட்டு அழுதா பாருங்க, அதுக்கு ஈடு ஒண்ணும் இல்லீங்க."

அண்ணன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் இடையில் புகுந்துவிடாதபடி அவசரமாகத் தொடர்ந்தார்.

"திருஷ்டிக் காய சும்மா எடுத்து ஓரமா வெக்கலாமா? ஒடைச்சுத்தான ஆகோணும். மேல ஓட்டை போட்டு மூணு மூட்டை குங்குமம் கொட்டுனேன். தீயணைப்பு வண்டி ஏணியில ஏறிக் கற்பூரம் ஏத்துனேன். தெருவையே மூணு சுத்து சுத்தி, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, மார்த்தா கண்ணுன்னு சொல்லி நடு ரோட்டுல போட்டேன் ஒரு போடு! எங்க தெரு இலை மொத்தமும் ஒரே நேரத்துல உழுந்துச்சு. அந்தச் சத்தத்துல இடி இடிக்குதுன்னு நெனச்சு பக்கத்து மாநிலத்துப் பொம்பளைங்க மொட்டை மாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிசத்துல இலையுதிர் காலம் முடிஞ்சுது. ஆறாவது நிமிசம் பனி கொட்டுது.

"ஒரே ஒரு துண்டு மட்டும் எகிறி, கடலைத் தாண்டிப் பறந்துச்சுங்க. போன ஐப்பசியில ஒரு சாயங்காலம் கோயமுத்தூரு வானம் பூரா மஞ்சளா ஆச்சே, எல்லாரும் மாடியேறி போட்டோ எடுத்தீங்களே. அது என்னன்னு நெனச்சீங்க?"

எனக்கும் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. நானும் போட்டோ எடுத்தவன்தான். இவர் சொல்வது புளுகு என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு நொடி என் மண்டைக்குள் சந்தேகம் எட்டிப் பார்த்தது, வெட்கம்தான். அடுத்த நொடி ஒரே கைதட்டல். 'இந்தத் தடவை அண்ணனுக்கே குடுங்க' என்று நாலு பேர் கத்தினார்கள். பொன்னுலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் அவர் கண்ணில் மயிலாத்தாள் அக்கா பட்டார். சென்னியப்பன் அண்ணனின் வீட்டுக்காரம்மா. கையில் கீரைக்கட்டோடு லிஃப்ட் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களும் கூடத்தானே போனீங்க? அண்ணன் சொன்னதுல எதுங்க்கா நெசம்?"

சென்னியப்பன் அண்ணன் மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அக்கா நிதானமாக யோசித்தார்.

"அரசாணிக்காய் நெசம். பதினொண்ணு வாங்கியாந்தாங்க. மீசை வரைஞ்சதும் நெசம். பாவம், காலையில குனிஞ்சவங்க பொழுது சாயறவரைக்கும் நிமிரலை. அத்தனை அழகா இருந்துச்சு. ரிப்பன் கெடைச்சதும் நெசந்தான்."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா அங்க எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்குங்க தம்பி. இவங்க அலங்காரம் பண்ணிவெச்சது மார்த்தா வீட்டு வாசல. அந்தப் பொம்பளைக்கு அது ஆறாவது ரிப்பன்."

கார் பார்க்கிங்கே அதிரும்படி சிரிப்பு. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் மெல்ல வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் முதலில் பேசியது பொன்னுலிங்கம்தான். "செகரட்டரி, அண்ணன் பேரையே எழுதுங்க. ஆகாத வீட்டுக்கே ரிப்பன் வாங்கிக் குடுத்த கை. நம்ம வீட்டுக்குப் பண்ணுனா சும்மாவா இருக்கும்?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நான் பேனாவைத் திறந்து எழுதினேன்: கேட் அலங்காரம், திரு. சென்னியப்பன்.

பொன்னுலிங்கம் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "எந்த கேட்டுன்னும் எழுதிருங்க தம்பி."