எழுபது பைட் ஆள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு முறை நான் சொல்லாமல் விட்டதால் ஒரு ஆளையே எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை எதையும் விடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

போத்தனூரில் நித்தியகல்யாணி டீச்சர் வீட்டில் நான் சமைக்கிறேன். டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. முன்னறையில் கம்ப்யூட்டர் சொல்லித் தருவார். வந்தவர்கள் எல்லாரும் பாதியில் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் தேவசகாயம் ஒருவர்தான். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபத்தாறு வருஷம் ரயில்வே கேட்கீப்பராக இருந்தவர். கண் பரிசோதனையில் தேறாததால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு படம். இரண்டு நிமிஷம் ஓடும். வெளிநாட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டி வைத்துப் பெரிய திரையில் போடுவார்கள். ஒரு நிபந்தனை. படம் முழுவதும் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்காம்; ஒன்று கூடினாலும் திறந்து பார்க்க மாட்டார்கள். என் மகள் எனக்குப் போனில் அனுப்புகிற காலை வணக்கப் படமே அதைவிட ஐம்பது மடங்கு பெரிது என்றார் டீச்சர்.

அப்படியானால் படத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு போன்ல கோலம் சொல்றீங்களே அக்கா. பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டுல நிறுத்துன்னு. கோலத்தையா அனுப்புனீங்க?" என்றார் டீச்சர்.

அப்போது ஏதோ புரிந்தது மாதிரி இருந்தது. வரையச் சொல்லும் குறிப்பை மட்டும்தான் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்து அந்த நேரத்தில் வரைகிறது. இதில் தப்பிருந்தால் என்னுடைய தப்பு, டீச்சருடையது அல்ல.

முதல் வருஷம் அவர் படம் ஒன்பது பைட் கூடி, திரும்பி வந்துவிட்டது. போன வருஷம் கடைசி நாளுக்குள் முடியவில்லை. இந்த வருஷம் விட்டால் இல்லை. இனிமேல் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தால் இருக்கிற பார்வையும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த முறை எவ்வளவோ குறைத்த பிறகும் அறுபத்தொன்று கூடியிருந்தது.

மூன்று வாரமாகக் குறைத்துக்கொண்டே இருந்தார். மழையை லேசாக்கினார். நிறங்களை எடுத்தார். ஒருநாள் ரயிலில் ஆறு பெட்டியைக் கழற்றினார். ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஒரே குறிப்புதான் எல்லாப் பெட்டியையும் வரைகிறதாம். ரயில்தான் குட்டையானது. திரும்ப மாட்டினார். இருபத்தாறு வருஷம் ரயிலைப் பார்த்தவருக்கு இது தெரியவில்லையே என்று டீச்சர் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் கொண்டுபோய் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை அவர் கண்ணைத் துணியால் ஒற்றிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் எதை எடுக்கிறது, டீச்சர்?"

டீச்சர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கை ஈரமாக இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்றார். படத்தை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டுத் திரையை அணைத்தார்.

"என்ன பாத்தீங்க, சொல்லுங்க அக்கா."

நினைவிருந்ததைச் சொன்னேன். மழை. ரோடு. கேட் இறங்கியது. பள்ளத்துத் தண்ணீர் முதலில் நடுங்கியது, அப்புறம்தான் ரயில் வந்தது. ஜன்னல் வெளிச்சமெல்லாம் ஈர ரோட்டில் ஓடியது. ரயில் போனது. கேட் ஏறியது.

"அவ்வளவுதானா?" என்றார் தேவசகாயம்.

அவ்வளவுதான் என்றேன்.

"கேட் குடிசைக்குப் பக்கத்துல, கொடியப் பிடிச்சுட்டு ஒரு ஆள்?"

நான் யாரையும் பார்க்கவில்லை. கேட்டில் நின்றால் எல்லாரும் ரயில் வரும் பக்கம்தானே பார்ப்போம். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் டீச்சரிடம், அந்த ஆளைச் செய்ய எட்டு மாதம் ஆனது என்றார். மழைக்கோட்டு, தொப்பி, கொடி பிடித்த கை எல்லாம் சேர்த்து எழுபது பைட் என்றார்.

டீச்சர் கணக்குப் போடவில்லை. நான் போட்டேன். போட்டிருக்க வேண்டாம்.

நான் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்று கெஞ்சினேன். போடவில்லை.

"நானே இல்லாம எப்படி டீச்சர் அது என் கேட் ஆகும்?"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் களைப்பு.

"ஏங்க, கேட்டு தானாவா எறங்குச்சு?" என்றார்.

தேவசகாயம் திரையைப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது. பிறகு எழுந்து, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் வரவில்லை. என்னால்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த ஆளை எடுத்தார். ஒன்பது பைட் மிச்சம் வந்தது. அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை ஏதோ செய்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

மழை பெய்தது. குடிசைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது அங்கேதான் முதலில் பார்த்தேன். கேட் இறங்க ஆரம்பித்தது. பாதியில் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு முழுக்க இறங்கியது.

எத்தனையோ தடவை நானும் இறங்குகிற கேட்டுக்கு அடியில் குனிந்து தாண்டியிருக்கிறேன், தலையில் சுமையோடு. சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குகிற கேட்கீப்பர் கை நமக்காக ஒரு நொடி நிற்கும். வாயில் திட்டு வரும், கை நிற்கும்.

ரயில் போனது. கேட் ஏறியது.

"என்ன பாத்தீங்க, அக்கா?" என்றார் தேவசகாயம்.

டீச்சரும் என்னையே பார்த்தார். நான் எதைச் சொல்லாமல் விடுகிறேனோ அது போய்விடும் என்று எனக்குத் தெரியும். உலை பொங்குகிறது, சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அடுப்பை நான் இன்னும் பற்றவைக்கவே இல்லை.