கண்ணாடிக்குள் ஒரு சோத்தாங்கை மாப்பிள்ளை

ஆண்டவர் ஊர் ஊராகப் புத்தியைப் பங்கிட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு, சாஞ்சபனை ஊரார் அத்தனை பேரும் பக்கத்து ஊர் அசன விருந்துக்குப் போயிருந்தார்களாம். திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டபோது யாரும் வருத்தப்படவில்லை. வயிறு நிறைந்திருந்தது. "அதான் நமக்குக் கமிட்டி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

அந்தக் கமிட்டி, கோயில் பாடகர் குழுக் கமிட்டி. மூன்று பேர். தலைவர் பாக்கியமுத்து அண்ணாச்சி, கண்ணை மூடித்தான் யோசிப்பார். சில சமயம் யோசனையில் குறட்டையும் வரும். செல்லக்கனி அக்கா, எந்தப் பாட்டையும் மற்றவர்களுக்கு ஒரு வரி முன்னாலேயே பாடி முடித்துவிடுகிற சுறுசுறுப்பு. தவசிமுத்து, யார் எதைச் சொன்னாலும் "ஆமென்" என்பார். அதனால் ஊரில் அவருக்கு ஞானி என்று பெயர்.

இந்த மூன்று பேர் கையில்தான் ஏசுவடியானின் கலியாணம் போய் மாட்டியது.

ஏசுவடியான் டிராக்டர் ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை. பிறந்ததிலிருந்து இடக்கைக்காரன், ஊர்ப் பேச்சில் நொட்டாங்கை. சோத்தாங்கை அவனுக்குச் சோற்றுக்கு மட்டும்தான். கொம்பன்விளை சத்தியநேசன் மகள் கிரேனாப்பு மேல் அவனுக்கு உயிர். பெண் கேட்டுப் போனபோது சத்தியநேசன் அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. "மாப்பிள்ளைக்குக் கோயில் காரியத்துல ஒரு கை இருக்கணும். அது சோத்தாங்கையா இருக்கணும். நொட்டாங்கைக்காரனுக்கு என் வீட்டுல தண்ணி கூடக் கிடையாது. உங்க ஊர் அசனப் பண்டிகைக்கு வாரேன், வந்து பாக்கேன்."

கோயிலில் ஒரு கிட்டார் இருந்தது. பம்பாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் காணிக்கையாக அனுப்பியது. அதை உறையை விட்டு எடுக்க யாருக்கும் துணிச்சல் வராததால் புதுசாகவே இருந்தது. அதை ஏசுவடியான் வாசிப்பது என்று கமிட்டி தீர்மானித்தது. எந்தக் கையால் என்பதுதான் கேள்வி.

டவுனில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரிடம் நான்கு பேருமாகப் போய்க் கேட்டார்கள். அவர் இவர்களை நம்பி ஒரு நல்ல வழி சொன்னார். "யோசிக்காம எடுக்கச் சொல்லுங்க. எந்தப் பக்கமா பிடிக்கிறாரோ, அதுதான் அவருக்குச் சரி."

ஊருக்கு வந்ததும் ஏசுவடியானை உட்காரவைத்து, மூவரும் சுற்றி நின்றார்கள்.

"என்னலே, இப்ப யோசிக்கியா?" என்றார் பாக்கியமுத்து.

"யோசிக்கக் கூடாதுன்னு யோசிக்கேன், அண்ணாச்சி."

"அதுவும் யோசனைதாம்லே. எங்களப் பாரு. காலையில இருந்து ஒரு யோசனை வந்திருக்கா?"

"ஆமென்" என்றார் தவசிமுத்து.

கடைசியில் செல்லக்கனி அக்காதான் வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்ததும் கிட்டாரை மெதுவாக அவன் நெஞ்சின்மேல் வைத்தார்கள். யோசிக்காமல்தான் பிடித்தான். தலையணை போல அணைத்து, ஒரு காலையும் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

"இவன் கையே வேண்டாம் வே, கால்ல வாசிக்கிறவன்" என்றார் பாக்கியமுத்து.

"கோயிலுக்குள்ள கால நீட்டவே விடமாட்டாவ" என்று செல்லக்கனி அக்கா அதை மறுத்துவிட்டாள். நல்லவேளை.

பிறகு ஏசுவடியானே இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினான். சோத்தாங்கையால் தட்டினால் தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. கிட்டாரைத் திருப்பி, கம்பிகளையும் தலைகீழாக மாற்றிக் கட்டி, இடக்கையால் தட்டினால் அவ்வளவு இனிமை. கோயில் சுவரில் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்த ஆடு கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பாக்கியமுத்து. "ஆனா கம்பிய அமுக்குற கை பிடிக்கிற கை. தட்டுற கை குடுக்குற கை. கடவுளுக்கு நொட்டாங்கையால குடுக்கலாமா?"

"அண்ணாச்சி, எனக்கு எந்தக் கை வரும்னு அவருக்குத் தெரியாதா? அவர்தான குடுத்தாரு" என்றான் ஏசுவடியான்.

இந்த ஊரில் யாரும் அப்படித் தெளிவாகப் பேசிப் பழக்கமில்லை. மூவரும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் கஷாயம் கொடுத்தார்கள்.

பண்டிகை நெருங்கியது. ஏசுவடியானுக்குச் சோறு இறங்கவில்லை. சோத்தாங்கையால் வாசித்தால் சத்தம் கேட்டே சத்தியநேசன் ஓடிவிடுவார். இடக்கையால் வாசித்தால் பார்த்ததும் ஓடிவிடுவார். கிரேனாப்பை நினைத்துக்கொண்டு கிட்டாரும் கையுமாகத் திரிந்தான்.

அப்படித் திரிந்தவன் ஒரு நாள், பாக்கியமுத்து முகம் மழித்துக்கொண்டிருந்த மாசிலாமணி சலூனுக்குள் போய் உட்கார்ந்து, துக்கத்தில் ஒரு பாட்டை வாசித்தான். நாற்காலியில் இருந்த பாக்கியமுத்து எதிரே சுவர் அகலத்துக்கு நின்ற கண்ணாடியைப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

"ஏலே! நீ சோத்தாங்கைக்காரம்லே!"

திரும்பிப் பார்த்தார். இடக்கை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சோத்தாங்கை. பாதி முகத்தில் நுரையோடு தெருவில் ஓடிப் போய்க் கமிட்டியைக் கூட்டினார்.

"கண்ணாடி பொய் சொல்லுமா, அண்ணாச்சி?" என்று செல்லக்கனி அக்கா கேட்டாள்.

"அதுக்கு வாயே கிடையாதே. பொய் எப்படிச் சொல்லும்?"

"ஆமென்."

பண்டிகை அன்றைக்கு அந்தக் கண்ணாடியை டிராக்டரில் ஏற்றி வந்து, பந்தல் மேடையில் பாடகர் குழு நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள். பாடகர் குழு சனங்களுக்குப் பின்னால் போய் நின்றது. எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பதைக் கேட்டார்கள். ஆராதனையில் இவ்வளவு கவனமாக முன்னால் பார்த்த சனத்தைக் கோயில் பாதிரியாரான ஐயர் அதற்கு முன் கண்டதில்லை. பாதிப் பேர் தலை சீவிக்கொண்டிருந்தார்கள்.

ஏசுவடியான் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு வாசித்தான். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு சத்தியநேசன் அசையாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் எழுந்து பாக்கியமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஊர் வே இது? காணிக்கை போட்டவன், விசிறி வீசினவன், அம்புட்டுப் பேரும் நொட்டாங்கை! முன்வரிசையில ஒரு கிழவன், வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, வெக்கமில்லாம காணிக்கைய நொட்டாங்கையால போடுதான். என்னையே வேற முறைக்கான். ஒரே ஒரு ஆளுதான் ஒழுங்கு. அந்தக் கிட்டார்காரர். அவருக்குத்தான் என் மக."

ஏசுவடியான் சந்தோஷம் தாங்காமல் பின்னாலிருந்து கிட்டாரோடு ஓடி வந்தான். "மாமா, அது நான்தான்!"

சத்தியநேசன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ நொட்டாங்கைலா? நான் சொன்னது உள்ள நிக்குறவர."

ஏசுவடியான் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தான். கமிட்டி அங்கேயே கூடியது. பாக்கியமுத்து கண்ணை மூடினார். இந்த முறை குறட்டை வரவில்லை, யோசனையே வந்துவிட்டது. கண்ணைத் திறந்து சத்தியநேசனிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, உள்ள இருக்குறவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. தனியா எங்கயும் வரமாட்டாரு. இவன் முன்னால போய் நின்னாத்தான் அவரும் வருவாரு. அதனால கலியாணத்துக்கு இவன் துணை மாப்பிள்ளையா வரட்டும்."

"அது உங்க ஊர் முறைன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் சத்தியநேசன்.

கூட்டத்துக்கு நடுவே கிரேனாப்பு ஏசுவடியான் பக்கமாக வந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னாள். "எங்க அப்பா முன்னால பாத்தாவ. நான் திரும்பிப் பாத்துட்டேன். பேசாம வாங்க."

கலியாணத்தில் கண்ணாடிக்கு மாலை போட்டு, பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஐயர் அந்த ஊருக்கு வந்து ரொம்ப காலமாகிவிட்டதால் எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டிருந்தார். ஏசுவடியானைப் பார்த்துக் கேள்வி கேட்டார். ஏசுவடியான் "சம்மதம்" என்றான். கண்ணாடிக்குள் இருந்தவர் வாயை மட்டும் அசைத்தார்.

சத்தியநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாயத் தொறக்காரு, சத்தமே வரல. என் மக குடுத்து வச்சவ."

தாலியைத் துணை மாப்பிள்ளை கட்டினான். மாப்பிள்ளை கூடவே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டார்.

விருந்து முடிந்ததும் மாசிலாமணி ஆள் வைத்துக் கண்ணாடியைத் தூக்கினார். "மாப்பிள்ளைய எங்க வே கொண்டுட்டுப் போறீரு?" என்று சத்தியநேசன் பதறினார்.

"சலூனுக்கு. நாளைக்குக் கடை திறக்கணும்லா?"

"அடடே, மறுநாளே வேலைக்குப் போறாரா!" சத்தியநேசனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாப்பிள்ளை கடையில் இருக்கும் நேரத்தில் மகளுக்குத் துணையாக இருக்கும்படி ஏசுவடியானிடம் கேட்டுக்கொண்டார். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஏசுவடியானும் ஒத்துக்கொண்டான்.

அதன்பிறகு வாராவாரம் சத்தியநேசன் மாப்பிள்ளையைப் பார்க்கப் பலகாரத்தோடு சலூனுக்குப் போனார். ஒரு நாள் முகம் வாடிக் கமிட்டிக்கு வந்தார்.

"எப்பப் போனாலும் மாப்பிள்ளை இல்ல வே. அவர் இடத்துல அந்தப் பண்டிகைக்கு வந்த கிழவன் உக்காந்திருக்கான். நான் முறுக்க எடுத்தா அவனும் எடுக்கான். நான் கும்பிட்டா அவனும் கும்பிடுதான். மரியாதை தெரிஞ்ச மனுசன்தான். ஆனா பாவம், இந்த வயசுலயும் நொட்டாங்கை."

கமிட்டி வெகுநேரம் துக்கப்பட்டது.

"அந்தக் கிழவருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் குடுப்போமா?" என்றாள் செல்லக்கனி அக்கா.

"ஆமென்" என்றார் தவசிமுத்து.

பாக்கியமுத்து கண்ணை மூடினார். "குடுக்கலாம். ஆனா எந்தக் கையால வாசிக்கச் சொல்லுறது?"