கத்தரிச்செடிக்குக் குழம்பு இல்லை

ஒரு ஊர்ல ஒரு மரமில்லு. அதுக்குப் பக்கத்து வீட்ல சீதேவின்னு ஒருத்தி. ரொம்பக் கெட்டிக்காரி, அப்படின்னு அவளே சொல்லிக்குவா. ம் சொல்லு, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

அவ மாமியார் குருவம்மா, மகளோட பேறுகாலத்துக்கு ரெண்டு மாசம் ஊருக்குக் கிளம்பினா. "என் கத்தரிச்செடியைப் பார்த்துக்கோ. வந்ததும் அந்தக் காய்லதான் குழம்பு"ன்னா.

கிழவி அசந்துபோகணும்னு சீதேவி என்ன பண்ணினா? மில்லுல சும்மா கிடந்த மரத்தூளை மூணு கூடை அள்ளிட்டு வந்து, உரமாகும்னு சரக் சரக்குன்னு மண்ணுல கொத்தி விட்டா.

பத்தே நாள்ல இலையெல்லாம் மஞ்சள். அப்புறம் குடம் குடமா தண்ணி ஊத்தினா, சளக் சளக். அப்பவும் மஞ்சள். "வெல்லத் தண்ணி ஊத்துடி, மண்ணுக்குத் தெம்பு"ன்னா எதிர்வீட்டு அருளாயி. ஊத்தினா, களுக் களுக். இன்னும் மஞ்சள். "அப்போ உன் கைராசி அப்படி"ன்னு அருளாயி கதவைச் சாத்திக்கிட்டா. மாமியார் வர இன்னும் ஒரு மாசம்தான்.

அன்னிக்கு மத்தியானம் புருஷனும் மூணு கொழுந்தன்மாரும் சாப்பிட உட்கார்ந்தாங்க. சோறு பெரிய பானை, குழம்பு சின்னச் சட்டி.

"அண்ணி, இன்னும் சோறு."

"அண்ணி, குழம்பு."

தொபுக், தொபுக். எல்லாரும் ஏப்பம் விட்டு எந்திரிச்ச அப்புறம் சீதேவி உட்கார்ந்தா. சட்டியைச் சுரண்டினா, கரகர. ஒண்ணுமில்லை. வெறும் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே வெளியே பார்த்தா, கத்தரிச்செடிக்கும் அவ மூஞ்சிதான்.

"உன் பங்கையும் எவனாவது வழிச்சுட்டானா?"ன்னு போய் மண்ணைக் கிளறினா. தூள் பூரா வெள்ளை வெள்ளையா பூஞ்சை நூல் படர்ந்திருந்துச்சு. மண்ணுக்குள்ள குட்டி குட்டி உசுருங்க கோடிக்கணக்குல இருக்கு. மரத்தூள் அதுங்களுக்கு வெறும் சோறு. வெறும் சோறு எறங்குமா? நீ தின்னுவியா? மண்ணுல இருந்த, இலையைப் பச்சையா வெச்சிருக்கிற தழைச்சத்துதான் குழம்பு. அத்தனையையும் சர்ருன்னு உறிஞ்சிடுச்சுங்க. இந்த மகராசி வெல்லத்தையும் ஊத்தினா. அதுவும் சோறுதான். பந்தியில இன்னும் நாலு கரண்டி சோறு.

ம் எங்கே? சரி, இருக்க.

அப்போ கடலைப் புண்ணாக்கை ஊற வெச்சுக் கரைச்சு ஊத்தினா. குப்புன்னு நாத்தம், அருளாயி ஜன்னலையும் சாத்தினா. புண்ணாக்குல தழைச்சத்து நிறைய, அதுதான் குழம்பு. உசுருங்க தின்னது போக மிச்சம் செடிக்கு. அப்புறம் தின்ன உசுருங்களும் செத்துச் செத்து, உறிஞ்சினதை மண்ணுக்கே குடுத்துச்சுங்க. இலை பச்சையாச்சு, ஊதாப் பூ பூத்துச்சு.

குருவம்மா வந்தப்போ ஆறே ஆறு காய். "இவ்வளவுதானா?"ன்னா. சீதேவி குழம்பு வெச்சு, ஆம்பளைங்களைக் கூப்பிடறதுக்கு முன்னால ஒரு கிண்ணத்துல எடுத்து மூடினா.

"யாருக்குடி அது?"

"கடைசியா சாப்பிடறவளுக்கு, அத்தை."

கிழவி கிண்ணத்தைத் திறந்து பார்த்தா. அவ அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு முப்பத்தெட்டு வருஷம்.

"பெரிய கிண்ணமா எடு. நாம ரெண்டு பேரு"ன்னா.

கிண்ணத்தை மூடியாச்சு, கதையை மூடியாச்சு, நீ கண்ணை மூடு.