இரும்புக் கம்பமும் பித்தளைக் கம்பமும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்கு இரண்டு ராணிகள். மூத்தவளின் பிறந்தகத்தார் ஓர் இரும்புக் கொடிக்கம்பத்தைச் சீர்வரிசையாக அனுப்பினார்கள். இளையவள் வீட்டார் சும்மா இருப்பார்களா? பித்தளையில் ஒன்று அனுப்பினார்கள். இரண்டாள் உயரமுள்ள அவற்றை அரண்மனை வாசலில் நடுவதற்குமுன் அளந்து பார்த்தால், இரும்பு ஒரு நெல்லளவு கூடுதல். இளையராணி அன்றே அரசனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இரும்பை அறுத்தால் மூத்தவளும் நிறுத்திவிடுவாள்.

அரசன் தன் விகடகவி வேதவனத்தை அழைத்து, இரண்டையும் சமமாக்கிக் காட்டு என்றான். அமைச்சர் நல்லசிவருக்கு வேதவனத்தைக் கண்டாலே ஆகாது. வெட்டவோ ஒட்டவோ தட்டி நீட்டவோ கூடாது, ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்கும் செய்யவேண்டும், தவறினால் நாட்டைவிட்டே போகவேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். தவணை மூன்று நாள்.

இரண்டு நாள் வேதவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கொல்லர் தெரு வழியே நடந்தபோது, ஒருவன் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டிக்கொண்டிருந்தான். சூட்டில் பட்டை விரியும், ஆறினால் கவ்விப் பிடிக்கும் என்றான்.

“பித்தளையும் இப்படித்தானா?” என்று கேட்டார் வேதவனம்.

“அது இதுக்கு மேலேங்க. ஒரே நெருப்புல போட்டா இரும்பைவிடக் கூடுதலா நீளும்.”

அன்று மாலையே அரண்மனை முற்றத்தில், அரசனும் ராணிகளும் அமைச்சரும் பார்த்திருக்க, நீளக் குழி வெட்டிக் கரி நெருப்பு மூட்டினார்கள். கம்பங்கள் இரண்டும் அருகருகே அதில் கிடந்தன. நாட்டைவிட்டுப் போக எந்த ஊர் நல்லது என்று உள்ளுக்குள் யோசித்தபடியே வேதவனம் நுனிகளை உற்றுப் பார்த்திருந்தார். நெல்லளவு அரை நெல்லாயிற்று. பிறகு அதுவும் மறைந்தது.

“அரசே, ஒரே நெருப்பு, ஒரே நேரம். இப்போது அளந்து பாருங்கள்.”

இரண்டும் சமம். எதையோ ஒட்டியிருப்பான் என்று நல்லசிவர் பித்தளை நுனியைத் தடவப் போய், விரல்களை வாயில் வைத்துக்கொண்டார். விரலை எடுத்ததும், “ஆறினால் பழைய கதைதானே?” என்றார்.

“சமமாக்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டிவிட்டேன். ஆறாமலே இருக்கவேண்டுமென்றால், என்னைக் கண்டால் எரிகிற அமைச்சர் பெருமானைப் பக்கத்திலேயே நிறுத்திவையுங்கள்.”

முதலில் சிரித்தவள் இளையராணி. அவளைப் பார்த்து மூத்தவளும் சிரித்தாள். இத்தனை நாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரிப்பதைக் கேட்ட அரசன், தானும் வயிறு குலுங்கச் சிரித்துத் தன் முத்துமாலையைக் கழற்றி வேதவனத்தின் கழுத்தில் போட்டான்.